ஆறாவது அன்னமும் காணாமல்போன மாடும்

எங்கள் ஊரில் யாராவது ஒரு பட்டுப் புடவையைக் கையில் கொடுத்தால் முதலில் அழகாக இருக்கிறது என்போம். அடுத்த நொடி முந்தி ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டி, முடி கருகுகிற வாசனை வருகிறதா என்று மோந்து பார்ப்போம். ஜரிகையைக் கல்லில் தேய்ப்போம். இரண்டும் தேறினால்தான் சிரிப்பு. காஞ்சிபுரத்துக்காரனுக்குச் சந்தேகம் என்பது குணமில்லை, தொழில் கருவி. நான் அந்தக் கருவியைத் தொழிலுக்கு வெளியேயும் தூக்கிக்கொண்டு அலைகிறவன். தர்பூசணியைத் தட்டிப் பார்த்து வாங்குவது எல்லோரும் செய்வது. நான் தட்டிக் காட்டுகிற கடைக்காரரின் விரலையும் கவனிப்பேன். போதாததற்கு வசன கவிதை எழுதும் பழக்கம் வேறு. ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. அதை வாங்கிய சிலருடைய உள்நோக்கம் என்ன என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இப்படிப்பட்டவன் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று சொன்னது யாருடைய தப்பு? (என் தப்புதான். இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவைக்கிறேன்.)

என் பிழைப்பு புடவைக் கரைக்கு கிராஃப் போடுவது. அந்தக் காலத்தில் கட்டம்போட்ட தாளில் போட்டோம், இப்போது கணினியில் போடுகிறோம். மயில், யாளி, தாழம்பூ, எதுவானாலும் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் தறியில் ஒரு இழை. இருபத்தைந்து வருஷமாகக் கட்டங்களையே பார்த்த கண், வேறு எதையும் முழுசாகப் பார்க்க மறந்துவிட்டது. பௌர்ணமி நிலா எழும்பினால் ஊரே கும்பிடும். நான் அந்த வளைவுக்கு எத்தனை கட்டம் பிடிக்கும் என்று கணக்குப் போடுவேன்.

எனக்கு ஒரே அக்கா, வசந்தா. அவளுக்கு ஒரே மகள், பவித்ரா. அக்காவின் கணவர் போனபிறகு அந்தக் குழந்தைக்குத் தாய்மாமன் நான்தான் எல்லாம். குழந்தை என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தரம் சோதிக்கிற பிரிவில் வேலை செய்கிறாள். தினமும் இருநூறு உதிரிப்பாகங்களை ஒதுக்கித் தள்ளுகிற பெண். சந்தேகம் எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது.

அவளுக்கு வரன் பார்த்தது நான். இதை, பூ வைக்கும்வரை இருந்த மூன்று மாதமும், பெரிய காஞ்சிபுரத்தில் நான் சொல்லாத டீக்கடை இல்லை. ஒருநாள் என் டிசைன் நோட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஜாதகம் செருகியிருந்தது. எந்தத் தறிக்காரர் கொடுத்தாரோ, நான்தான் மறந்துபோய் வைத்திருக்கிறேன். பையன் பெயர் தினேஷ். சின்ன காஞ்சிபுரம். அப்பா பன்னிரண்டு தறி ஓட்டுகிறவர். பையனுக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான் வேலை. (ஆயிரக்கணக்கான பேர் பஸ் ஏறிப் போகிற இடம்தானே என்று விட்டுவிட்டேன். ஊரில் ஒவ்வொரு இழையையும் கொளுத்திப் பார்க்கிறவன், அந்த ஒரு காகிதத்தை மட்டும் கொளுத்திப் பார்க்கவில்லை.) பொருத்தம் பத்தும் இருந்தது. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, கொலம்பஸுக்குக் கூட அவ்வளவு கர்வம் இருந்திருக்காது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தப் புடவையின் கரையைத் தாய்மாமன் போடவேண்டும். தறியிலிருந்து அறுத்துத் தட்டில் வைக்கும்வரை அதை யாரும் பார்க்கக்கூடாது. பெண்ணும் பார்க்கக்கூடாது, மாப்பிள்ளை வீடு பார்க்கவே கூடாது. பவித்ராவுக்காக, வரன் அமையும் முன்பே தொடங்கி, நான்கு மாதம் உட்கார்ந்தேன். அன்னங்கள் வரிசையாகப் போகும். ஐந்து அன்னம் நேரே பார்த்துப் போக, ஆறாவது மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். பிறந்த வீட்டைப் பார்க்கிறதாம். இதை யோசித்த அன்று எனக்கே கண் கலங்கியது. எழுந்துபோய்க் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வந்தேன். கணினிக்குப் பூட்டு, அறைக்குப் பூட்டு, வாய்க்கும் பூட்டு. என் மனைவி கௌரிகூடப் பார்த்ததில்லை. (பார்க்கக் கேட்டதும் இல்லை. அது வேறு வருத்தம்.)

பூ வைக்கிற நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் அக்கா வீட்டில் வந்து இறங்கினார்கள். காமாட்சி அம்மனைப் பார்த்துவிட்டு வந்து, பூ வைத்து, சாப்பாடு. இதுதான் ஏற்பாடு. சமையல்காரர் இன்னும் வரவில்லை என்பதால் நானும் கௌரியும் வீட்டில் தங்கிவிட்டோம். எல்லோரும் செருப்பு மாட்டும்போது தினேஷ் என்னிடம் ஒதுங்கி வந்தான். தோள்பையிலிருந்து ஒரு கருப்புப் பெட்டியை எடுத்தான்.

"மாமா, இத கொஞ்சம் வெச்சிக்கிறீங்களா? கோயில்ல பையெல்லாம் பாப்பாங்க."

"இன்னா தம்பி இது?"

"சின்ன கம்ப்யூட்டர் மாமா. கேம் ஆட்றது. அணைக்கவேணாம், அப்படியே இருக்கட்டும்."

சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. பவித்ரா நின்ற பக்கம் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒன்றுமில்லை என்பதை நான் பிறகு போய்ச் சோதித்தேன்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யோக்கியனாக உட்கார்ந்திருந்தேன். இருபத்தொன்பது வயது ஆம்பிளை. கல்யாணம் நிச்சயமாகிற நாள். விளையாட்டுச் சாமானோடு வருகிறான். விளையாட்டுச் சாமானுக்கு எதற்கு இரட்டை ஜிப்? உள்ளே எதற்கு வெல்வெட்? நகைக்குக்கூட எங்கள் கடைத்தெருவில் இவ்வளவு மெத்தை போடமாட்டார்கள். பேப்பரில் படிக்கிறோமே, கையிலேயே சீட்டாடிக் குடும்பம் குடும்பமாகத் தெருவுக்கு வருகிற கதை. ஒரு தாய்மாமன் விசாரிக்காமல் யார் விசாரிப்பது?

"ஏங்க," என்றாள் கௌரி சமையலறையிலிருந்து. நான் ஜிப்பைத் தொடக்கூட இல்லை. "அது மாப்ள பொருள். சொல்லிட்டேன்."

"நான் ஒன்னும் பண்ணல."

"அதத்தான் சொல்றேன். ஒன்னும் பண்ணாதீங்க."

ஜிப்பைத் திறந்தேன்.

அந்த வஸ்துவை உள்ளபடி சொல்கிறேன். நடுவில் கருப்புக் கண்ணாடி. இரு பக்கமும் பிடித்துக்கொள்ளப் புடைத்த கைப்பிடி, அதில் இரண்டு குட்டிக் காளான்கள். வலது பக்கம் நான்கு பொத்தான், இடது பக்கம் ஒரு கூட்டல்குறி. தலையில் நான்கு விசை. அதெல்லாம் போகட்டும் என்று திருப்பினால், முதுகிலும் நான்கு பொத்தான். முன்னால் பொத்தான் வைப்பவன் உபயோகத்துக்கு வைக்கிறான். முதுகில் பொத்தான் வைப்பவன் எதையோ மறைக்கிறான். மேல்விளிம்பில் சல்லடைபோல ஒரு வாய். கம்பெனிப் பெயரைப் படித்தேன். நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் தெருவில் விசாரிக்கவும் ஆள் இல்லை. பழக்கப்படி அக்கா வீட்டுப் பட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். அறுநூற்று முப்பது கிராம். ஒரு மெல்லிய புடவை எடை. இந்த எடையில் ஒரு புடவையைக் கொடுத்தால் எட்டு கேள்வி கேட்பேன். இதை எப்படிச் சும்மா விடுவது?

தலையிலிருந்த விசையைத் தடவினேன். தடவியதுதான். அது கண்ணைத் திறந்தது.

நான் இதுவரை கணினிகளோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். எழுப்பினால் ஐந்து நிமிஷம் முனகும், சோம்பல் முறிக்கும், பிறகு என்ன வேண்டும் என்று கேட்கும். இது அப்படி இல்லை. பாதிப் பேச்சில் நிறுத்தியவன் வாக்கியத்தை அங்கிருந்தே தொடர்கிற மாதிரி, விட்ட இடத்தில் எழுந்தது. மேலே இருந்த வாய் வெதுவெதுவென்று மூச்சு விட்டது. என் உள்ளங்கையில் ஒரு துடிப்பு, சிட்டுக்குருவியைப் பொத்திப் பிடித்த மாதிரி. உயிரில்லாத பொருள் என்னைத் தொட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. கீழே போட்டிருப்பேன். மாப்பிள்ளை பொருள் என்பதால் மடியில் போட்டேன்.

கண்ணாடியில் ஒரு தோட்டம்.

சீட்டு இல்லை. சூதாட்ட மேசை இல்லை. தோட்டம். கத்திரிச்செடியோ தக்காளியோ, வரிசையாகப் பாத்தி. ஓட்டு வீடு, கோழிக்கூண்டு, நடுவில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு குட்டி ஆள். எல்லாம் கட்டம் கட்டமாக. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இலை நாலு கட்டம், பூ ஒன்பது கட்டம், ஆளின் மூக்கு ஒரே கட்டம். யாரோ என் தொழிலை எடுத்துக்கொண்டு போய் அதற்கு உயிர் கொடுத்துவிட்டிருந்தார்கள். இருபத்தைந்து வருஷமாக நான் போட்ட மயில் ஒன்றுகூட ஒரு அடி நகர்ந்ததில்லை. இங்கே கோழி மேய்கிறது.

கௌரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மாடு கோழின்னு இருக்குது. நல்ல புள்ளயாத்தான் இருக்கும். மூடி வைங்க."

மூடியிருக்கலாம். ஆனால் இடது காளானைச் சாய்த்தால் ஆள் நடக்கிறான் என்று அதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். ஐம்பதை நெருங்குகிற வயதில், நான் சாய்த்த பக்கம் நடக்கிற ஒரு ஜீவனை முதல்முறையாகப் பார்க்கிறேன். வீட்டைச் சுற்றினேன். வேலி தாண்டினேன். இரண்டு முறை மரத்தில் முட்டினேன். முட்டும்போதெல்லாம் பெட்டி என் கையில் லேசாக அதிர்ந்து வருத்தப்பட்டது. தோட்டத்துக்குப் பின்னால் ஒரு குளம். குளக்கரையில் வெள்ளையும் சாம்பலுமாகக் கல் பதித்த பாதை. தரை போடுகிறவன் கூடவா கட்டத்தில் போடுவான் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அந்தக் கற்கள் ஒரு அன்னமாக இருந்தன.

நடந்தேன். இன்னொரு அன்னம். மூன்றாவது. கொண்டைக்கு மூன்று கட்டம். கழுத்துக்கு எட்டுக் கட்டம். நான்காவது, ஐந்தாவது. என் காதுக்குள் யாரோ அரிசி களைகிற சத்தம். ஆறாவது அன்னத்துக்கு வந்தேன். அது கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷம் எனக்குள் எல்லாக் கதவும் ஒன்றாகத் திறந்தது. அல்லது அப்படி நினைத்தேன். பன்னிரண்டு தறி. புதுக் கரைக்கு எங்கும் ஆலாய்ப் பறக்கிற ஊர். நான்கு மாத உழைப்பு. இவர்கள் பெண் எடுக்க வரவில்லை, கரை எடுக்க வந்திருக்கிறார்கள். ஒரு அன்னத்துக்காக ஒரு குடும்பமே வேஷம் போட்டு, ஜாதகம் எழுதி, பத்துப் பொருத்தத்தையும் பொருத்தி வந்திருக்கிறது. (என் டிசைனுக்கு நான் வைத்திருந்த மதிப்பு அவ்வளவு. அதன்பிறகு யாரும் அவ்வளவு வைத்ததில்லை.)

சாட்சி வேண்டுமே. இடது கையில் பெட்டி, வலது கையில் என் கைபேசி. ஒரு கையால் பிடித்ததில் என் விரல்கள் முதுகுப் பொத்தான்களை எல்லாம் சேர்த்து அமுக்கியிருக்க வேண்டும். தொப்பிக்காரன் குளக்கரையை விட்டு ஓடினான். படம் இரண்டு எடுத்துவிட்டேன், ஆனால் அவன் நிற்கவில்லை. நேரே தொழுவத்துக்குள் போனான். அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு மாடு. தலைமேல் ஒரு இதயம் மிதந்தது. தமிழில் பெயர், பட்டு. கீழே ஆங்கிலத்தில் ஏதோ பெட்டி பெட்டியாக வந்தது. என் மூக்குக்கண்ணாடியை உள் அறையில் வைத்திருந்தேன். இதிலிருந்து வெளியே வந்தால் போதும் என்று ஒரு பொத்தானை அமுக்கினேன். இன்னொரு கேள்வி வந்தது. அதற்கும் அதே பதில். கலகலவென்று ஒரு சத்தம். மாட்டைக் காணோம்.

அவிழ்த்துவிட்டேன் போலிருக்கிறது, மேய்ந்துவிட்டு வரும் என்று நினைத்தேன்.

வரவில்லை. அதற்குள் திரையில் பொழுது சாய்ந்தது. தொப்பிக்காரன் தள்ளாடினான், கொட்டாவி விட்டான். திருடன் வீட்டு ஆளானாலும் களைத்தவனைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. வீட்டுக்குள் கட்டில் இருந்தது. கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். படுக்கட்டுமா என்று அது கேட்டது, ஆமாம் என்றேன். திரை இருண்டு, ஏதோ சுழன்று, கோழி கூவியது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு மூடி, இரட்டை ஜிப்பையும் இழுத்தேன். நான் எழுப்பியது மாதிரியே தெரியாது.

கௌரியிடம் படங்களைக் காட்டினேன். அவள் நிதானமாகப் பார்த்துவிட்டு, சாப்பாடு முடியட்டும், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

திரும்பி வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்துத் தட்டுகள் வைத்தாயிற்று. குங்குமம், வெற்றிலை, வாழைப்பழம், நாலு முழம் மல்லிகை. பவித்ராவை உள்ளறையிலிருந்து அழைத்துவரப் போன சமயம். மாப்பிள்ளையின் அம்மா பூவைக் கையில் எடுத்துவிட்டார். நான் இருமினேன்.

"பூ வெக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசணும்."

கைபேசியை மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். புடவைக்காரன் பார்க்கிற பார்வை.

"நல்லா இருக்குது. யாரு கரை இது?"

"என் கரை. எங்க பொண்ணு முகூர்த்தப் பொடவைக்குப் போட்டது. நாலு மாசமா யாருக்கும் காட்டல. உங்க புள்ள பொட்டியில இருக்குது."

அவர் மகனைப் பார்த்தார். தினேஷ் உள்ளறைக் கதவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"நான்தான்பா போட்டேன்."

"எங்க பாத்து?"

அவன் கண் மறுபடி உள்ளறைக் கதவுக்குப் போனது. எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அது எத்தனை நொடி இருந்தது என்றால், அவர் தோள்துண்டை எடுத்து மடிக்கிற நேரம்.

"எங்க ஊட்ல பன்னெண்டு தறி ஓடுது," என்றார். குரல் உயரவில்லை. "அடுத்தவன் கரைய ஒருநாளும் எட்டிப் பாத்தது இல்ல. நீ பாத்திருந்தின்னா, இந்த எடத்துல உக்கார நமக்கு யோக்கித இல்ல. எழுந்திரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தைந்து வருஷமாகக் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறவன், அசல் தங்கம் எதிரே எழுந்து நிற்பதை அடையாளம் தெரியாமல் இருக்கமுடியாது. இவர் திருடவில்லை. இவர் போய்விட்டால் திரும்ப வரமாட்டார். அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த மல்லிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது வாடுவதைக் காத்திருந்து பார்க்கிறவள் மாதிரி. மாப்பிள்ளையின் அம்மாவும் பூவைத் தட்டில் திரும்ப வைத்தார்.

உள்ளறைக் கதவு திறந்தது.

"அவரு பாக்கல," என்றாள் பவித்ரா. "நான் பாத்தேன் மாமா."

"பூட்டி வெச்சிருந்தேனே."

"உங்க பாஸ்வேர்டு உங்க கவித புக்கு பேரு. ஊர்ல யாருக்கும் அது தெரியாதுன்னு வெச்சிருக்கீங்க. எனக்குத் தெரியும் மாமா, நான் படிச்சிருக்கேன்."

(அந்தக் கலவரத்திலும் ஒரு வாசகி கிடைத்த சந்தோஷம் எட்டிப் பார்த்ததை மறைக்கவில்லை.)

அக்கா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "நீ பாத்தது இவரு பொட்டியில எப்டி வந்திச்சி?"

பவித்ரா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். இருவரும் ஒரே பஸ்ஸில் போய்வருகிறவர்களாம். அவள் மடிக்கணினியில், அவன் இந்தப் பெட்டியில். இரண்டு ஆட்கள், ஒரே தோட்டம். சேர்ந்து விதைத்து, சேர்ந்து தண்ணீர் ஊற்றி, கோழி வாங்கி, வீடு கட்டியிருக்கிறார்கள். என் அன்னங்கள் அவளுக்குப் பிடித்துப்போனதாம். கல் கல்லாகக் குளக்கரையில் பதித்தது அவள். மாப்பிள்ளை வீடு கரையைப் பார்க்கக்கூடாது என்பதால், அது என்னவென்று அவனிடம் சொல்லவே இல்லையாம். ஏதோ வாத்து என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"எத்தினி நாளா?" என்றாள் அக்கா.

"ரெண்டு வருஷமாம்மா."

"மாமா வரன் கண்டுபுடிச்சதே மூணு மாசம் முன்னாடிதானே?"

"அந்த ஜாதகத்த மாமா நோட்டுல நான்தான் வெச்சேன்."

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. கௌரி மட்டும் திரும்பவில்லை. அவள் முதுகு குலுங்கியது. அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது அந்தக் குலுங்கலில் எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார். அக்காவின் முகத்தில் எது ஜெயிக்கும் என்று சொல்லமுடியவில்லை. தன்னிடம் மறைத்துவிட்டாளே என்பதா, மகளுக்குப் பிடித்தவன்தானே என்பதா. அதற்குள் தினேஷ் என்னிடம் ரகசியம் மாதிரிக் கேட்டான்.

"மாமா, உள்ள போயி ஏதாவது அமுக்குனீங்களா?"

"இல்லப்பா. களைச்சிருந்தான். படுக்க வெச்சிட்டேன்."

அவன் சட்டென்று பெட்டியைத் திறந்தான். பவித்ரா தன்னை மறந்து வந்து அவன் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். இரண்டு பேரும் கூடத்தில் நாங்கள் இருப்பதையே மறந்து, சொந்த வீட்டைத் திருடன் புகுந்தபிறகு பார்க்கிறவர்கள் மாதிரி ஒவ்வொரு மூலையாகத் தேடினார்கள்.

"பட்டு எங்க?" என்றாள் பவித்ரா. அவள் கண் நிறைந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். சந்தேகத்துக்கு நான் மட்டும் குத்தகைக்காரன் இல்லை. "யாருடா அது பட்டு?"

"மாடும்மா. கன்னுக்குட்டியிலேர்ந்து வளத்தோம்." தினேஷ் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை, அதைவிட மோசமான பணிவு. "மாமா, வித்துட்டீங்களா?"

ஆளைப் படுக்கவைத்தால் அன்றைய கணக்கு முடிந்து எழுதப்பட்டுவிடுமாம். படுக்கவைக்காமல் இருந்திருந்தால் மாட்டை மீட்டிருக்கலாமாம். எனக்கு வாழ்க்கையில் இரக்கம் வந்த நேரங்கள் குறைவு. அதில் ஒன்று இப்படி முடிந்தது.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மா. வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்து, பிறகு பொத்த முடியாமல். கௌரி அடக்கிவைத்திருந்ததைக் கொட்டினாள். அக்கா மட்டும் சிரிக்காமல் என்னிடம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அவ போயி கால் வெக்கறதுக்கு முன்னாடி என் பொண்ணு ஊட்டு மாட்ட வித்துட்டு நிக்கிறியே. வெளங்குமா இது?"

'என் பொண்ணு ஊடு' என்று அவள் சொன்னதை மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். மெதுவாக உட்கார்ந்தார். துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா மாடு மேச்சிக்கினு இருந்திருக்குதுங்க," என்றார் அக்காவிடம். "இதுக்குமேல நாம பேசறதுக்கு இன்னாம்மா இருக்குது?"

பூ வைத்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

சாப்பிடும்போது என் பக்கத்து இலை சம்பந்திக்கு. ரசம் வந்தது. பிறகு என் கைபேசியை இன்னொரு தடவை கேட்டு வாங்கினார்.

"அந்தத் திரும்பிப் பாக்கறது ரொம்ப நல்லா இருக்குதுபா. ஆனா கழுத்துல ஒரு கட்டம் ஜாஸ்தி."

அன்று மாலை வீட்டுக்கு வந்து, அறையைப் பூட்டாமலே கணினியைத் திறந்து பார்த்தேன். ஜாஸ்திதான். நான்கு மாதம் எனக்குத் தெரியாதது, தோட்டத்துக் கல்லில் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏழாகக் குறைத்தேன். பவித்ரா முகூர்த்தத்தில் கட்டியது அதைத்தான். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை வீட்டார் பார்த்து, திருத்தியும் கொடுத்த ஒரே முகூர்த்தக் கரை அதுவாகத்தான் இருக்கும்.

கல்யாணத்தன்று தாய்மாமன் சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்தபோது, தினேஷ் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, "மாமா, மாடு?" என்றான். மண்டபமே காத்திருந்த மாதிரிச் சிரித்தது. அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு அவர்கள் வரும்போதெல்லாம், சாவி, குடை, கைப்பை, எதை என் கையில் கொடுத்தாலும் கூடவே ஒரு வாக்கியம் வரும். "வித்துடாதீங்க மாமா." உறவில் கடைக்குட்டிகள்வரை சொல்கிறார்கள். சம்பவம் தெரியாதவர்களும் சொல்கிறார்கள்.

மாட்டைத் திருப்பிக் கொடுக்காமல் எனக்கு நிம்மதி இல்லை என்றேன். அப்படியானால் உழைத்து வாங்குங்கள் என்று பவித்ரா பெட்டியை ஒரு மாதம் என் கையில் கொடுத்துப் போனாள். விதைத்தேன், தண்ணீர் ஊற்றினேன், முள்ளங்கி பிடுங்கினேன். முதல் வாரம் ஒவ்வொரு பொத்தானையும் இரண்டு முறை யோசித்து அமுக்கினேன். (மழைநாளில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதையும் சிரித்தார்கள்.) ஆறாவது அன்னம் ஒவ்வொரு முறையும் கழுத்தைத் திருப்பி, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தது. மாதக் கடைசியில் ஒரு கன்று வாங்கிக் கட்டினேன். பெயர் வைக்கிற உரிமை அவர்களுடையது.

'மாமா' என்று என் பெயரையே வைத்துவிட்டார்கள்.

நேற்றுக் காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது குடும்பக் குழுவில் பவித்ராவிடமிருந்து செய்தி வந்தது. 'மாமா இன்னைக்கும் பால் குடுக்கல. யார பாத்தாலும் சந்தேகமா பாக்குறாரு.' அதற்குக் கீழே பதினேழு சிரிப்புப் பொம்மைகள். முதல் பொம்மை கௌரி போட்டது. அடுத்த அறையிலிருந்து.